ஆறு நாளில் ஐந்து ஊர்

கிட்ட வந்து உட்காருங்கள் கண்ணுகளா, ஓய்வுபெற்ற தபால்காரர் ஒருவருக்குப் பிடித்த ரயில் பைத்தியத்தைச் சொல்கிறேன்.

வெளிநாட்டில் இருக்கும் மகள் வீட்டுக்கு ஆறு நாள் பயணம். அவரோ அந்த நாட்டு ரயில் அட்டவணையை விரித்து, நாளுக்கு ஒன்றாக ஐந்து ஊர் குறித்து வைத்திருந்தார். மனைவிக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

“ஏழு மணி நேரம் போய், ஒரு மணி நேரம் ஊர் பார்த்து, ஏழு மணி நேரம் திரும்பி வரணுமா? தபால் மூட்டைகூட இப்படி அலையாது. பேத்தியை எப்போ கொஞ்சுறது?”

“ஜன்னலோர சீட்டு வாங்கித் தரேன். பேசாம வா.”

“உங்க மூளையில முத்திரைதான் குத்தணும்.”

மகளிடம் சொல்லிச் சிரிக்கலாமென்று அடுப்படிக்குப் போய் போன் போட்டாள்.

“உங்கப்பாவுக்குக் கிறுக்குடி. தினமும் ரயில்லயாம்.”

“அப்பா சொல்லலையாம்மா? பகல்ல எங்கயாவது போயிடுங்கன்னு நான்தான் சொன்னேன். உங்க மாப்பிள்ளைக்கு வீட்டுலதான் ஆபீஸ். ஆள் சத்தம் கேட்டாலே எரிஞ்சு விழுறார்.”

போனை வைத்துவிட்டு வந்து, கணவர் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

“எல்லாத்தையும் ஒரு மணி நேரத்துல போற ஊரா மாத்துங்க. பேத்திக்கும் சேர்த்து டிக்கெட் போடுங்க. அந்த வீட்டுல அவளும் எத்தனை நேரம்தான் வாயை மூடிக்கிட்டு இருப்பா?”

கண்ணுகளா, குழந்தைக் கூச்சலும் பெரியவர்கள் பேச்சும் ஓயாத வீடாக உங்கள் வீடு தழைக்கட்டும்.