அரை அடிச் சுவர்

“மாமா, நாற்காலியை எடுங்க. சுவரைக் கழுவணும்.”

தாணுமாலயன் மாமா பேப்பரை விட்டுத் தலையை நிமிர்த்தவே இல்லை.

அது உலகம்மை அக்கா வீட்டு முன்சுவர். அதில் முதுகை ஒட்டி, பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறார் பக்கத்து வீட்டுக்காரர். சொந்த வீட்டில் உட்கார இடமில்லையா இந்த மனுஷனுக்கு?

கரமனை ஆறு எங்கள் தெருவுக்குள் வந்துவிட்டுப் போய் எட்டு நாள் ஆகிறது. அக்கா வீட்டுக்குள் இடுப்பளவுத் தண்ணீர். தையல் மிஷின் ரிப்பேர் கடையில் கிடக்கிறது. கட்டில், மெத்தை, ஊரார் தைக்கக் கொடுத்த துணி எல்லாம் குப்பை லாரியில் போயாச்சு. வீட்டுக்காரர் உயிரோடு இல்லை, ரெண்டு பிள்ளைகள். சர்க்கார் உதவி வந்தால்தான் அக்கா மறுபடி தைக்க உட்கார முடியும்.

சர்க்கார் காரியங்களுக்கான அக்ஷயா சென்டரில் நாலு மணி நேரம் வரிசையில் நின்று, அக்காவுக்காக மனு போட்டவள் எதிர்வீட்டுக்காரி நான். இன்றைக்குப் பதினோரு மணிக்கு வில்லேஜ் ஆபீசிலிருந்து ஒரு ஆபீசர் வீட்டைப் பார்க்க வருகிறார். தண்ணீர் ஏறியது என்று அவர் எழுதினால் உதவி. எழுதாவிட்டால் ஒன்றும் இல்லை.

“ஒரு ஆபீசர் வாற வீடு சேறும் நாத்தமுமாவா கிடக்கும்? வெட்கக்கேடு” என்றாள் அக்கா.

மூன்று நாள் தேய்த்தோம். உள்ளே சுண்ணாம்பும் அடித்துவிட்டோம். மிச்சம் இந்த முன்சுவர்தான். அதிலும் முக்கால்வாசி முடிந்தது. மீதியை மறைத்துக்கொண்டு இவர்.

“மாமா, உங்ககிட்டதான் சொல்லுதேன்.”

“ஏட்டி ஜினி, இந்தச் சுவரோரத்து அரை அடி என் இடம். கேஸ் நடக்குது. கோர்ட் சொல்லுத வரைக்கும் இதுல ஒருத்தரும் கை வைக்கப்படாது.”

மூன்று வருஷமாக அந்த அரை அடிக்குத்தான் சண்டை. அக்காவும் அவரும் முகம் பார்த்துப் பேசுவதில்லை. சரி, சண்டை போடுங்கள். அதற்காக வெள்ளத்தில் எல்லாம் போய் நிற்கிற ஒருத்தியிடம், அதுவும் இன்றைக்கா?

“காலேஜுக்குப் போகாம ஊரான் சுவரைத் தேய்க்கவா வந்தே?” என்று வேறு கேட்டார்.

“அடுத்தவங்க சுவர்ல முதுகைத் தேய்க்கிறதுக்கு இது மேல்.”

பக்கெட்டோடு தண்ணீரை அவர் காலடியில் விசிறினேன். வேட்டி நனைந்தது. காலைத் தூக்கி நாற்காலி மேல் வைத்துக்கொண்டார். முதுகு மட்டும் சுவரை விட்டு அசையவில்லை.

அவர் வீட்டைத் திரும்பிப் பார்த்தேன். பளபளவென்று இருந்தது. மாமி ரெண்டே நாளில் வாசல்வரை தேய்த்துக் கழுவிவிட்டாள். தன் வீடு சுத்தமாக இருக்கணும், அடுத்தவள் வீடு அசிங்கமாக நிற்கணும். நல்ல மனசு!

“விடு ஜினி” என்று அக்கா கண்ணைத் துடைத்தாள். “அந்த அழுக்குச் சீண்டரத்தை ஆபீசர் பார்க்கட்டும். என் தலையெழுத்து.”

பதினொன்றரைக்கு வந்தார் வில்லேஜ் ஆபீஸ் பினு சார். பைக்கிலிருந்து இறங்கி, உள்ளே ஒரு சுற்று சுற்றினார். வெளியே வந்து நெற்றியைச் சுருக்கினார்.

“ஈ வீட்டில் வெள்ளம் கேறியோ?”

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. வெள்ளம் ஏறியதா என்று கேட்கிறார்!

“இடுப்பு வரைக்கும் சார். தெருவே பார்த்துது” என்றேன்.

“எல்லாரும் அப்படித்தான் சொல்லுவாங்க. எனக்குச் சுவர்ல அடையாளம் வேணும். தண்ணி நின்ன கோடு. அதைப் போட்டோ எடுத்து ஏத்தணும். இங்கே சுண்ணாம்பு அடிச்சிருக்கு, தரை மினுங்குது. நனைஞ்ச மெத்தை, கட்டில் எதுவும் உண்டா?”

“லாரியில போயிட்டு சார்” என்றாள் அக்கா.

“போட்டோ?”

“போனும் வெள்ளத்துல போயிட்டு.”

“அப்புறம் நான் என்ன எழுதட்டும்?”

“சுத்தமா வெச்சிருக்கது குத்தமா சார்?” என்று கத்தினேன். “எட்டு நாளும் சேத்துலயே படுத்துக் கிடக்கணுமா நாங்க?”

“கோபப்படாதே மோளே. ரூல் அதுதான்.”

பேனாவை மூடினார். அக்கா சுவரைப் பிடித்துக்கொண்டாள். என் கையில் பிரஷ் இருந்தது. மூன்று நாள் விழுந்து விழுந்து எதைத் தேய்த்து அழித்தேன் என்று அப்போதுதான் உறைத்தது.

நாற்காலி கிரீச்சிட்டது.

தாணுமாலயன் மாமா எழுந்து ஒதுங்கி நின்றார்.

அவர் முதுகு இருந்த இடத்தில் ஒரு நாற்காலி அகலத்துக்குச் சுவர் கழுவாமல் இருந்தது. அதன் குறுக்கே, மூன்றடி உயரத்தில், காய்ந்த சேற்றில் நேராக ஒரு பழுப்புக் கோடு. கீழே ஒட்டியிருந்த ஆற்றுப்பாசிகூட அப்படியே இருந்தது.

“அளந்து பாரும் சார்” என்றார்.

பினு சார் டேப் வைத்து அளந்தார். போட்டோ எடுத்தார். எழுதினார். நிமிர்ந்தபோது மாமாவின் முகத்தைப் பார்த்தார். உடனே குனிந்து பையை மூட ஆரம்பித்தார். ஜிப் சிக்கிக்கொண்டது.

அக்கா மூன்று வருஷம் கழித்து அவரிடம் வாயைத் திறந்தாள்.

“அண்ணாச்சி... உங்க வீட்டுக்கு எழுதியாச்சா?”

மாமா அவள் பக்கம் திரும்பவில்லை. நாற்காலியை இடுப்பில் இடுக்கித் தூக்கிக்கொண்டு, என்னைப் பார்த்துச் சொன்னார்:

“ஏட்டி, அவகிட்டே சொல்லு. நேத்தைக்கு இதே சார்தான் வந்தாரு. எங்க வீட்டுக்காரி ஒரு பொட்டுச் சேறு இல்லாமக் கழுவி வெச்சிருந்தா. ‘இங்கே வெள்ளமே ஏறல்லே’ன்னு எழுதிட்டுப் போயிட்டாரு.”