அதிமதுரத் துண்டு

மூன்றாவது முறையாக டீச்சரின் கையில் பட்டையைச் சுற்றிக் காற்றடிக்கிறாள் நர்ஸ். பிரஷர் இறங்குவேனா என்கிறது. "மாத்திரையை ஒழுங்கா போடுறீங்களா?" என்று டாக்டர் கேட்கிறார். "ஒரு வேளைகூடத் தவறலை." "வேற மருந்து ஏதாவது?" "ஒண்ணுமில்லை டாக்டர்," என்னும் டீச்சரின் கடைவாயில் மஞ்சளாக ஏதோ ஒதுங்குகிறது. "அது என்ன?" "அதிமதுரம். வெறும் வேர்தானே! கத்திக் கத்திக் கட்டின தொண்டைக்கு இதமா இருக்கு. ரெண்டு மாசமா நாள் முழுக்க மெல்றேன்." "முதல்ல துப்புங்க. அப்படி மென்னா பிரஷரை ஏத்திவிடும். யார் சொன்னது?" நார்நாரான ஈரத்துண்டு டீச்சரின் உள்ளங்கையில் ஜன்னல் வெயில் பட்டு மினுங்குகிறது. "பஸ்ஸில யாரோ," என்கிறாள், நர்ஸின் பக்கம் திரும்பாமலே. பட்டையிலிருந்து காற்று புஸ்ஸென்று இறங்குகிறது. அது முழுக்க அடங்கியதும் நர்ஸ் சொல்கிறாள்: "நான்தான் சொன்னேன், டாக்டர்."