நாற்பது எஃகு மீன்கள்

திருவொற்றியூர்க் கடற்கரையில் நாற்பது எஃகு மீன்கள் கொண்ட சிலை. காற்றிலேயே சுழலும் என்று சிற்பி யசோதரா சத்தியம் செய்திருந்தாள். நகராட்சித் தலைவர் திறந்துவைக்கும் நாளில் வெறும் காற்றை நம்பிப் பதவி உயர்வைப் பணயம் வைக்க இன்ஜினியர் கிருஷ்ணப்பனுக்கு மனமில்லை. அவளுக்குத் தெரியாமல் அடியில் ஒரு மோட்டாரைப் பொருத்தினார்.

"தலைவர் ரிப்பன் வெட்டினதும் சுவிட்ச போட்டுடு" என்று எலக்ட்ரீஷியன் ஒவைஸிடம் சொல்லி வைத்தார்.

ரிப்பன் அறுந்தது. நாற்பது மீன்களும் ஒன்றாகத் திரும்பி, வெயிலில் மின்னி, வானத்தில் நீந்தின. குப்பத்து ஜனம் வாய் பிளந்தது.

"காற்றையே வேலை வாங்கிவிட்டோம்!" என்று தலைவர் மைக்கில் முழங்கிக்கொண்டிருந்தார். கிருஷ்ணப்பன் மேலே பார்க்காமல் நேராகப் போய் ஒவைஸின் முதுகில் தட்டினார்.

"கரெக்டா போட்டேப்பா!"

ஒவைஸ் தலையைச் சொறிந்தான். "கோச்சுக்காத சார். மைக் செட்டுக்கு பாயிண்ட் பத்தல. காலையிலயே உன் மோட்டார் ஒயர புடுங்கிட்டேன்."

"அப்போ இது?"

"அதான் சார், நானும் பாத்துகினே கீறேன்!"

கிருஷ்ணப்பன் முதன்முறையாக அண்ணாந்து பார்த்தார்.

தலைவரின் கார் கிளம்பியபோது, ஓடி வந்து கதவைத் திறந்து வணக்கம் வைக்க வேண்டியவர் அங்கேயே அண்ணாந்தபடி நின்றுகொண்டிருந்தார்.