சிவப்பு இருந்த நாட்கள்

விடாமல் இருமியதில் முத்தரசியின் இடது கண்ணில் சிறு ரத்தக்குழாய் ஒன்று வெடித்து, வெள்ளைவிழி பாதி ரத்தமாகிவிட்டது. "இது மெட்ராஸ் ஐ இல்லம்மா. வலிக்காது, யாருக்கும் ஒட்டாது. ரெண்டு வாரத்துல தானா போயிடும்" என்றார் டாக்டர். அதை அலுவலகத்தில் சொல்லலாம் என்று வாயைத் திறப்பதற்குள் பக்கத்து இருக்கை ரெஜினா, "ஏய், என்னைப் பாக்காதடி, பார்த்தாலே ஒட்டிக்கும்" என்று கோப்பால் முகத்தை மூடிக்கொண்டாள். கண்காணிப்பாளர் சபேசனோ தலையைத் தூக்கவே இல்லை. இரண்டு வருடமாக, கையெழுத்துக்குப் போகும்போதெல்லாம் கழுத்திலிருந்து இடுப்புவரை அவளை நிதானமாகப் படித்துவிட்டுத்தான் கோப்பைப் படிப்பார். இப்போது கோப்பை மட்டும் படித்தார். "வச்சிட்டுப் போம்மா, சீக்கிரம் போ."

முத்தரசி யாரிடமும் எதுவும் சொல்லவில்லை. தினமும் காலையில் கண்ணாடி முன் நின்று, சிவப்பு இன்னும் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு நிம்மதியாகக் கிளம்பினாள். பத்தாம் நாள் அது மஞ்சளானது. பன்னிரண்டாம் நாள் ஒன்றுமே இல்லை.

"அப்பாடா, சரியாயிடுச்சா? இனி உன் மூஞ்சியப் பாத்துப் பேசலாம்" என்று ரெஜினா போட்ட சத்தம் உள்ளறைவரை கேட்டது. முத்தரசி கோப்போடு நுழைந்தபோது சபேசன் நாற்காலியில் வசதியாகச் சாய்ந்திருந்தார். அவர் பார்வை கழுத்துக்கு வந்தது. துப்பட்டாவை இழுத்துவிடப் போன அவள் கை பாதியில் நின்றது. அந்தக் கையை மேசைமேல் ஊன்றி, அவர் முகத்துக்கு நேரே குனிந்தாள்.

"இன்னும் போகல சார். நல்லாப் பாருங்க."

வெள்ளைவெளேரென்று இருந்த கண்ணை அவள் சிமிட்டவே இல்லை. சபேசன், கையிலேயே இருந்த பேனாவை மேசையெங்கும் தேடிக்கொண்டிருந்தார்.