நூலுக்கு இரு பக்கமும்

வீட்டை இரண்டாக்கி மதில் எழுப்பக் கொத்தனார் இழுத்துக் கட்டிய நூல், பாத்தியோரத்து மஞ்சள் பூச்செடியின் நடுமண்டையில் போகிறது. நாலு மாதமாக முகம் கொடுத்துப் பேசாத ஓரகத்திகள் இருவரும் அதைத் தூரோடு பெயர்த்தெடுத்து, ஆளுக்கொரு பக்கம் பிடித்து இழுக்கிறார்கள். காலை வெயிலில் எவ்வளவு இழுத்தும் வேர்கள் ஒன்றையொன்று விடுவதாயில்லை. "சேர்ந்து இழுத்தாத்தான் வரும்க்கா," என்கிறாள் இளையவள், மண்ணைப் பார்த்தபடி. இழுக்கிறார்கள். நறநறவென்று பிரிகிறது. நடுத்தண்டெல்லாம் பட்டுப்போய்க் கருத்திருக்க, ஓரங்களில் மட்டும் பூ. மூத்தவள் அந்தக் கருப்பை விரலால் தடவுகிறாள். "மூணு வருஷத்துக்கு ஒருதடவை பிரிச்சு நட்டிருக்கணும். மனசு வராம நாமதான் விட்டுட்டோம்." இளையவள் கையிலிருக்கும் பாதியில் மொட்டு குறைவு. மூத்தவள் தன் பாதியை அவளிடம் நீட்டி, அவளுடையதை வாங்கிக்கொள்கிறாள். "மதிலை ஒட்டியே வை," என்கிறாள். "நானும் ஒட்டித்தான் வைக்கப்போறேன்."