ரெண்டுங்கெட்டான்

விமான நிலையத்தின் குளிரூட்டிய கூடத்தில் எல்லோரும் தோளைக் குறுக்கிக்கொண்டு நிற்க, அந்த மனிதருக்கு மட்டும் வியர்த்துக் கொட்டியது.

மேலே தடித்த ஸ்வெட்டர். அதற்குள் இடது கை. முகத்தில் திருட்டு முழி.

தங்கம்தான் என்று முடிவுகட்டினாள் சுங்க அதிகாரி. அவள் பார்க்காத தங்கமா? செருப்புக்குள், சோப்புக்குள், பல்லிடுக்கில்கூடப் பார்த்தாயிற்று.

"கையை வெளிய எடுங்க."

"மெதுவா எடுக்கறேன் மேடம். சட்டுனு எடுத்தா குளிர்ந்துடும்."

வெளியே வந்தது ஒரு கம்பளிக் காலுறை. அதற்குள் ஒரு முட்டை. வெளிர்நீலம், பழுப்புப் புள்ளிகள், பெருவிரல் பருமன்.

அவள் தன்னையறியாமல் முன்னால் குனிந்தாள்.

"என்ன பறவை?"

அது அவள் கேட்க வேண்டிய கேள்வியே இல்லை.

"தெரியலையே மேடம். நானும் அதைத்தான் யோசிச்சிட்டே வந்தேன்."

அவர் வெளிநாட்டுத் துறைமுகம் ஒன்றில் கிரேன் ஓட்டுபவர். பழுதாகி நின்ற கிரேனின் உச்சியில் ஏதோ ஒரு பறவை கூடு கட்டியிருக்கிறது. பழுது பார்த்து முடித்து இவர் விசையைத் தட்டியதும் கூடு சரிந்தது. தாய்ப்பறவை பறந்துபோனது, திரும்பவில்லை. உடையாமல் மிஞ்சியது இது ஒன்றுதான். அறையில் மேஜை விளக்கின் அடியில் வைத்துக் காப்பாற்றினார். ஊருக்குப் போக விடுமுறை வந்துவிட்டது. விளக்கை விமானத்தில் ஏற்ற முடியாதே. அதனால் நெஞ்சோடு அணைத்து எடுத்து வந்துவிட்டார்.

விதி தெளிவாகத்தான் இருந்தது. பயணிகள் பறவை முட்டை கொண்டுவரக் கூடாது. பிடிபட்டால் கால்நடை மருத்துவர் வாங்கிப்போய் உலையில் போட்டு எரிக்க வேண்டும். ஒரு முட்டையோடு நோய் உள்ளே நுழைந்தால் நாட்டிலிருக்கும் கோழியெல்லாம் காலி.

மருத்துவர் வந்தார். கையுறையை மாட்டிக்கொண்டு முட்டையை வாங்கினார். பைக்குள் போடப் போனவர், என்ன தோன்றியதோ, காதருகே கொண்டுபோனார்.

"தட்டுது" என்றார்.

"விமானத்துலயே ஆரம்பிச்சிடுச்சு டாக்டர்" என்றார் கிரேன்காரர்.

ஓட்டில் கடுகளவு துளை. உள்ளே ஏதோ ஒன்று நகர்ந்தது.

மருத்துவர் பையைக் கீழே வைத்தார். "முட்டைன்னா எரிக்கணும். உயிரோட வந்த பறவைன்னா கூண்டுல வச்சு, நோய் இருக்கான்னு பார்க்கணும். இது ரெண்டுங்கெட்டானா இருக்கே! என்னன்னு நீங்கதான் சொல்லணும் மேடம்."

அவள் கணினியில் விதிகளைத் திறந்தாள். மேலிருந்து கீழே ஓட்டினாள். பாலுக்கு விதி இருந்தது, தேனுக்கு இருந்தது, இறகு செருகிய தொப்பிக்குக்கூட இருந்தது. எந்த நொடிவரை முட்டை, எந்த நொடியிலிருந்து பறவை என்று மட்டும் ஒரு மகராசனும் எழுதிவைக்கவில்லை.

பின்னால் வரிசை முணுமுணுத்தது. முணுமுணுத்தவர்களே எக்கி எக்கிப் பார்க்கவும் செய்தார்கள்.

டொக். இந்த முறை அவளுக்கே கேட்டது.

"பறவை" என்றாள். வாயிலிருந்து வந்த பிறகுதான், சொல்லிவிட்டோம் என்பது அவளுக்கு உறைத்தது. "பறவைன்னே போட்டுக்கறேன் டாக்டர். மேலே யாராவது கேட்டா என்னைக் கேக்கச் சொல்லுங்க."

முட்டையைக் காலுறையோடு மேஜையில் வைத்து, தன் விளக்கை வளைத்து அதன்மேல் தாழ்த்தினாள்.

"நீங்க கிளம்பலாம் சார். ஆனா இது இனிமே உங்க கைக்கு வராது. சோதனை முடிஞ்சதும் பறவைக் காப்பகத்துக்குப் போயிடும்."

"சரிங்க மேடம்" என்றார். நகரவில்லை.

அவருடைய போன் அடித்தது. ஒரு பெண்குரல் வெளியே கேட்கும்படி இரைந்தது: "எல்லாரும் வந்தாச்சு, நீங்க மட்டும் எங்க இருக்கீங்க?"

"இதோ வந்துட்டேன்மா" என்று வைத்தார். அப்போதும் நகரவில்லை.

இது என்ன கூத்து என்றிருந்தது அதிகாரிக்கு. "உங்களுக்குக் கிடைக்காதுன்னு சொல்லிட்டேனே. வீட்ல வேற காத்துட்டு நிக்கறாங்க. அப்புறம் எதுக்கு நிக்கறீங்க?"

"குஞ்சு எனக்கு வேண்டாம் மேடம்."

அவர் கண் முட்டையை விட்டு அகலவில்லை.

"வெளிய மூணு பிள்ளைங்க நிக்குதுங்க. மூணும் பொறந்ததைப் போன்லதான் கேட்டேன்."

ஓட்டில் ஒரு சில்லு தெறித்து விழுந்தது. ஈரமாக ஒரு அலகு நீண்டது.

அதிகாரி எழுந்து, தன் நாற்காலியை மேஜையைச் சுற்றித் தள்ளிக்கொண்டு வந்து அவர் பக்கம் போட்டாள்.