தேயாத பூச்சு

பட்டறையில் அப்போது இருந்தவர்கள் நான்கே பேர்: மரக்கடைப் பெரியவர், அவருடைய ஒரே மகன், பூச்சுக்காரர், கடைசியாக உள்ளே வந்த கல்குவாரி முதலாளி. கூட்டமே நின்று வேடிக்கை பார்த்தது என்று பின்னால் கதை அளந்தவர்களில் ஒருவர்கூட அங்கே இல்லை.

பூச்சுக்காரர் மேசைமேல், பெரியவர் கொண்டுவந்த பழைய துப்பாக்கிக்குப் பக்கத்தில், மாதிரிக்கு நான்கு இரும்புத் துண்டுகளைப் பரப்பினார். நீலம், சாம்பல், பளபளப்பு, கரிபோல் கறுப்பு.

“நீலம்னா வேலை சீக்கிரம் முடிஞ்சிடும். பார்க்க லட்சணமா இருக்கும், ஆனா கை பட்டுப் பட்டுத் தேஞ்சிடும். சாம்பல் அதைவிடக் கொஞ்சம் தேவலை. நிக்கல் போட்டீங்கன்னா மின்னும்; நீங்க எங்க நிக்கிறீங்கன்னு அதுவே எதிராளிக்குக் காட்டிக் குடுத்துடும்” என்று சொல்லிவிட்டுத் தானே சிரித்தார்.

பெரியவர் சிரிக்கவில்லை. “எது கடைசிவரைக்கும் நிக்கும்?”

“கறுப்பு. செராமிக். மழை, வேர்வை, உப்புக் காத்து எதுவும் அதை ஒண்ணும் பண்ணாது. ஆனா துப்பாக்கியைத் துண்டு துண்டாக் கழட்டணும். மணல் பீய்ச்சிப் பழைய பூச்சை உரிச்சு, புதுசு அடிச்சு, ஓவன்ல சுடணும். அப்புறமும் நல்லா இறுகுற வரைக்கும் சில நாள் இங்கேயே கிடக்கணும்.”

“அதையே போடுங்க.”

மகனுக்குப் பொறுமை போய்விட்டது. சித்தப்பாவை அடக்கம் செய்து மாதம் ஒன்று ஆகப்போகிறது. எடைமேடையில், லாரிக்காரர்கள் எல்லோரும் பார்க்க, கல்குவாரிக்காரன் அவரைக் கன்னத்தில் அறைந்தான். அதே வாரம் சித்தப்பா தன் அறையில் குண்டு பாய்ந்து கிடந்தார். முதலில் ஓடிப்போய்ப் பார்த்தவர் பெரியவர்தான். ஜன்னல் திறந்திருந்தது என்று மட்டும் சொன்னார். கல்குவாரிக்காரன் ஜன்னல் வழியாகச் சுட்டுவிட்டு ஓடினான் என்று ஊர்தான் சொன்னது. போலீஸ் அவனை விசாரித்து, சாட்சி இல்லை என்று அனுப்பிவிட்டது.

“அப்பா, நீலத்தைப் பூசிக் கையோட வாங்கிட்டுப் போயிடலாம். ஒரு தடவை வெடிச்சாப் போதும் எனக்கு.”

“நம்ம வீட்டுச் சாமான் துருவோட வெளியே போகாது.”

மகன் அடங்கினான். தங்கள் வம்சத்தில் கோழை பிறந்ததில்லை என்று அப்பா சொல்லிச் சொல்லி வளர்ந்தவன் அவன். அவர் எதையும் நிதானமாகச் செய்வார். செய்தால் அரைகுறையாக விடமாட்டார்.

பூச்சுக்காரர் குழலைக் கழற்றி விளக்கில் பிடித்துப் பார்த்தார். “கை வேர்வைன்னா பிடியோரம்தான் துரு ஏறும். இது குழல் வாயைச் சுத்தி மட்டும் அரிச்சிருக்கே. உள்பக்கமும் குழி விழுந்திருக்கு.”

“மழையில நனைஞ்சுது.”

வருஷக்கணக்கில் அலமாரியை விட்டு வெளியே வராத துப்பாக்கி எந்த மழையில் நனைந்தது என்று மகனுக்குத் தோன்றியது. அப்பாவைக் குறுக்கே கேட்கும் பழக்கம் அந்த வீட்டில் இல்லை.

“ஆழமா மணல் அடிங்க. பழசு ஒரு பொட்டுகூட மிஞ்சக் கூடாது” என்றார் பெரியவர்.

மணல் பட்டு வெளுத்த குழல், கறுப்பு ஏறி, கொக்கியில் தொங்கியபடி ஓவனுக்குள் போனது. பூச்சுக்காரர் கதவைச் சாத்தித் திரும்பினால், வாசலில் கல்குவாரி முதலாளி நிற்கிறார். தனியாக, வெறுங்கையோடு.

“அண்ணே, துப்பாக்கியைத் தயார் பண்றீங்கன்னு கேள்விப்பட்டேன். ஓடி ஒளியறது எனக்கு ஆகாது, அதான் நானே வந்துட்டேன். உங்க தம்பியை அறைஞ்சது நான். அதுக்கு உங்க கால்ல விழச் சொன்னாலும் விழறேன். சுட்டது நான் இல்ல.”

“எங்க சித்தப்பாவைப் பத்திப் பேச உனக்கு என்னடா யோக்கியதை இருக்கு?”

“தம்பி, நான் உங்கப்பாகிட்டப் பேசறேன். அண்ணே, என் மூஞ்சியைப் பார்த்துச் சொல்லுங்க. நான் சுட்டேன்னு நீங்க நம்பறீங்களா?”

மகன் அப்பாவைப் பார்த்தான். வேண்டாம் என்று அவர் ஒரு வார்த்தை சொன்னால் நின்றுவிடுவான். அவர் சொல்லைத் தாண்டி அவன் போனதே கிடையாது. பெரியவரின் உதடுகள் பிரிந்தன. பிறகு மூடிக்கொண்டன. பார்வை ஓவன் பக்கம் திரும்பிவிட்டது.

மகனுக்கு அதுவே உத்தரவு. சூடான பாகங்களை வெளியே இழுக்கும் நீண்ட இரும்புக் கம்பி சுவரில் சாய்ந்திருந்தது. முதல் அடியைத் தடுக்கக் கையைத் தூக்கினார் கல்குவாரி முதலாளி. எலும்பு முறிந்த சத்தம் ஓவனின் இரைச்சலைத் தாண்டிக் கேட்டது. இரண்டாவது அடி மண்டையில் இறங்கியது.

“விடுங்க தம்பி, செத்துடுவாரு” என்று பூச்சுக்காரர் அவன் இடுப்பைக் கட்டிப் பிடித்தார். அவரை உதறித் தள்ளிவிட்டு, கீழே கிடந்தவரை மறுபடி அடித்தான். மேசை சரிந்து இரும்புத் துண்டுகள் தரையெங்கும் சிதறின. பெரியவர் “டேய்” என்றபோது அடிப்பதற்கு அங்கே உயிர் இல்லை.

தரையில் சிந்தியிருந்த மணல் ரத்தத்தைக் குடித்துக் கறுத்தது. மகன் மூச்சு வாங்கினான். முகத்தில் தெறித்ததைப் புறங்கையால் துடைத்தான்.

“ஜன்னலுக்கு வெளியே ஒளிஞ்சு நின்னு சுட்டான்ல. நான் நேருக்கு நேர் நின்னு முடிச்சிட்டேன்பா. சித்தப்பா ஆத்மா சாந்தியாகட்டும்.”

பெரியவர் எழுந்து வந்து, செத்துக் கிடந்தவரின் திறந்த கண்களை மூடினார்.

“ஜன்னல் வழியா யாரும் சுடலடா. உன் சித்தப்பன் இந்தத் துப்பாக்கியாலதான் தன்னைத்தானே சுட்டுக்கிட்டான்.”